தாய்லாந்தில் ஓர் அரை நாள் சமையல் வகுப்பு: முதல் முறை போகிறவர்களுக்கு

தாய்லாந்து போகிறவர்கள் கோயில், கடற்கரை, இரவுச் சந்தை என்று போடும் பட்டியலில் இப்போது சமையல் வகுப்பும் சேர்ந்துவிட்டது. அதில் நியாயம் இருக்கிறது. நான்கைந்து மணி நேரத்தில் நான்கு வகை சமைத்து, அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டு, மீந்ததைக் கட்டிக்கொண்டு அறைக்குத் திரும்பலாம். சமையல் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. கத்தி பிடித்து வெங்காயம் நறுக்கத் தெரிந்த யாரும் சேரலாம்.

ஆனால் வகுப்புக்கு வகுப்பு வித்தியாசம் பெரிது. ஒன்றில் மசாலா விழுதை நீங்களே உரலில் இடித்து, உங்கள் அடுப்பில், உங்கள் வாணலியில் சமைப்பீர்கள். இன்னொன்றில் எல்லாம் நறுக்கிச் சின்னக் கிண்ணங்களில் தயாராக இருக்கும். சொல்லும்போது கொட்டிக் கிளற வேண்டும், அவ்வளவுதான். இரண்டுக்கும் கட்டணம் ஏறக்குறைய ஒன்றே. முதல் வகையில் சேர்ந்தவர் ஊருக்கு வந்து சமைப்பார். இரண்டாம் வகையில் சேர்ந்தவரிடம் ஏப்ரன் கட்டிய போட்டோ இருக்கும்.

எந்த ஊர், எந்த மாதம்

சமையல் வகுப்புக்குப் பேர்போன ஊர் வடக்கே இருக்கும் சியாங் மாய். அகழி சூழ்ந்த பழைய நகருக்குள்ளேயே நிறைய பள்ளிகள் உண்டு. ஊருக்கு வெளியே தோட்டத்தோடு கூடிய பள்ளிகளும் இருக்கின்றன. அங்கே எலுமிச்சைப் புல்லையும் துளசியையும் செடியிலிருந்தே பறித்துவரச் சொல்வார்கள். போட்டி அதிகம் என்பதால் விலை குறைவு: அரை நாளுக்குச் சுமார் 800 முதல் 1,200 பாட், முழு நாளுக்கு 1,000 முதல் 1,800 பாட் வரை. ஒரு பாட் இரண்டரை ரூபாய்க்கு மேல் என்று வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

சியாங் மாய் வரை போக நேரமில்லை என்றால் பாங்காக்கிலேயே சேரலாம். சிலோம் பகுதி வசதியானது, ரயில் நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. 19-ம் நூற்றாண்டில் தமிழர்கள் கட்டிய மகா மாரியம்மன் கோயிலும் சிலோம் சாலையில்தான் இருக்கிறது என்பதால், காலையில் அம்மனைக் கும்பிட்டுவிட்டே வகுப்புக்குப் போகலாம். பாங்காக்கில் சாதாரண வகுப்பு 1,000 முதல் 1,500 பாட் ஆகும். சாத்தோர்ன் பகுதியில் பழைய மாளிகை ஒன்றில் நடக்கும் ப்ளூ எலிஃபண்ட் போன்ற இடங்களில் இதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் கேட்பார்கள். முதல் வகுப்புக்கு அவ்வளவு செலவு தேவையில்லை என்பது என் எண்ணம். புக்கெட், க்ராபி, கோ சமூய் பக்கம் போகிறவர்களுக்கும் வகுப்புகள் கிடைக்கும், விலை மட்டும் சற்றுக் கூடுதல்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை வெயில் குறைவு, கூட்டம் அதிகம். அந்த மாதங்களில் இரண்டு மூன்று நாள் முன்பே இடம் பிடித்துவிடுங்கள். பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை வடக்கே வயலையும் காட்டையும் எரிக்கும் புகை சியாங் மாயை மூடிவிடும். அப்போது திறந்தவெளித் தோட்டப் பள்ளியில் நாலு மணி நேரம் நிற்பது சுகமில்லை, பாங்காக்கிலோ தெற்கிலோ சேர்வது மேல். ஏப்ரல் 13 முதல் 15 வரை சொங்க்ரான் புத்தாண்டு. பல பள்ளிகளுக்கு விடுமுறை, திறந்திருந்தாலும் போய்ச் சேரும்முன் தெருவில் தண்ணீர் ஊற்றி நனைத்துவிடுவார்கள்.

அரை நாள் போதும்

முழு நாள் வகுப்பில் ஆறு வகை, அரை நாளில் நான்கு வகை. காசுக்கு முழு நாள்தான் லாபம் என்று தோன்றும். நான் அரை நாளையே சொல்வேன். நாலாவது தட்டைச் சாப்பிடும்போதே வயிறு நிறைந்துவிடும். ஐந்தாவதும் ஆறாவதும் கையில் வேலையாக மட்டும் நடக்கும், மனதில் நிற்காது. சமையலே தொழிலாக உள்ளவர்கள், ஏற்கெனவே ஒரு வகுப்பு முடித்தவர்கள் வேண்டுமானால் முழு நாள் போகட்டும்.

காலை வகுப்பு பெரும்பாலும் ஒன்பது மணிக்குத் தொடங்கி மதியம் ஒன்று இரண்டு வரை நடக்கும். மாலை வகுப்பு நாலு மணி வாக்கில் தொடங்கும். காலையை எடுங்கள். சந்தை அப்போதுதான் சந்தையாக இருக்கும்.

பதிவு செய்யும் முன்

க்ளூக் மாதிரி செயலிகளிலும் பதிவு செய்யலாம், பள்ளியின் தளத்திலேயே நேராகவும் செய்யலாம். நேராகச் செய்வதில் ஒரு நன்மை, முன்கூட்டியே கேள்வி கேட்டு எழுத்தில் பதில் வாங்கிவிடலாம். நான் கேட்கச் சொல்வது இவை:

மசாலா விழுதை மாணவர்கள் இடிக்கிறார்களா, தயாராக வைத்திருக்கிறீர்களா? எல்லாவற்றுக்கும் முதலில் இதைக் கேளுங்கள். இதற்கு மழுப்பலாகப் பதில் வந்தால் அடுத்த பள்ளிக்கு நகர்ந்துவிடலாம்.

ஒவ்வொருவருக்கும் தனி அடுப்பா? இரண்டு பேருக்கு ஒன்று என்றால் கணவன் மனைவியாகப் போகிறவர்களுக்குப் பரவாயில்லை. ஆறு பேருக்கு ஒன்று என்றால் அது வேடிக்கை பார்க்கும் வகுப்பு.

ஒரு குழுவில் எத்தனை பேர்? பத்துக்குள் இருந்தால் ஆசிரியர் உங்கள் வாணலியை எட்டிப் பார்ப்பார்.

உணவு வகையை ஆளாளுக்குத் தேர்ந்தெடுக்கலாமா, எல்லோருக்கும் ஒன்றேயா? விடுதியிலிருந்து அழைத்துப்போவது கட்டணத்தில் சேர்ந்ததா? சந்தைக்குக் கூட்டிப்போவது உண்டா?

விமர்சனங்கள் படிக்கும்போது ஐந்து நட்சத்திரங்களை விட்டுவிட்டு மூன்று நட்சத்திரம் போட்டவர்களைப் படியுங்கள். ‘அவசரப்படுத்தினார்கள்’, ‘எல்லாம் முன்கூட்டியே தயாராக இருந்தது’ என்ற இரண்டு குறையும் திரும்பத் திரும்ப வந்தால் அந்த இடம் வேண்டாம். ‘காரம் அதிகம்’ என்று குறைப்பட்டிருந்தால் நீங்கள் கண்டுகொள்ள வேண்டியதில்லை.

சைவம் சாப்பிடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்

தாய்லாந்துச் சமையலில் மீனும் இறாலும் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். நாம் உப்பு போடும் இடத்தில் அவர்கள் நாம்ப்ளா என்ற மீன் சாறு ஊற்றுவார்கள். குழம்பு விழுதில் கபி என்ற இறால் விழுது சேரும். வறுவல்களில் சிப்பி சாஸ். தோம் யம் சூப்பில் போடும் வறுத்த மிளகாய் விழுதிலும் பெரும்பாலும் உலர்ந்த இறால் உண்டு. பப்பாளிக்காய் சாலட்டிலும், பட் தாய் என்ற நூடுல்ஸ் வறுவலிலும் உலர் இறாலைத் தூவுவது வழக்கம். ‘கறி, மீன் வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால் துண்டுகளை எடுத்துவிட்டு மற்றதெல்லாம் அப்படியே வரும். அவர்களைக் குறை சொல்ல முடியாது, அவர்கள் கணக்கில் அது உப்பு.

விழுதை நீங்களே இடிக்க வேண்டும் என்று முதலில் சொன்னதற்கு இன்னொரு காரணமும் இதுதான். இடிக்கும் வகுப்பில் கபி கடைசியாகத்தான் சேரும், உங்கள் உரலில் அதை விட்டுவிடலாம். தயாரான விழுதிலிருந்து யாராலும் அதைப் பிரித்தெடுக்க முடியாது.

சொல்ல வேண்டிய சொற்கள் இரண்டு. ‘மங் சவிராட்’ என்றால் பொதுவாகச் சைவம், முட்டையும் பாலும் இருக்கலாம். ‘ஜே’ என்றால் முழுக்கச் சுத்த சைவம்: முட்டை, பால், மீன் சாறு எதுவும் கிடையாது; ஆனால் பூண்டும் வெங்காயமும்கூடக் கிடையாது. பூண்டு இல்லாமல் தாய்லாந்துக் குழம்பு விழுது சப்பென்றிருக்கும். ஆகவே பூண்டு சாப்பிடும் சைவர்கள் ‘மங் சவிராட்’ என்று சொல்லி, கூடவே ‘மை சாய் நாம்ப்ளா, மை சாய் கபி’ (மீன் சாறும் இறால் விழுதும் போட வேண்டாம்) என்று சேர்த்துக்கொள்ளுங்கள். முட்டையும் வேண்டாம் என்றால் ‘மை சாய் காய்’. ஆண்கள் இறுதியில் ‘க்ரப்’ என்றும் பெண்கள் ‘கா’ என்றும் முடித்தால் மரியாதை. பதிவு செய்யும்போதே எழுதிவிட்டு, போன உடனே ஆசிரியரிடம் ஒரு முறை வாயாலும் சொல்லுங்கள்.

நல்ல பள்ளிகள் மீன் சாற்றுக்குப் பதில் சோயா சாஸும் சிப்பி சாஸுக்குப் பதில் காளான் சாஸும் வைத்திருப்பார்கள். காளான் சாஸ் தாய்லாந்தில் எந்த சூப்பர் மார்க்கெட்டிலும் கிடைக்கும் சரக்கு. செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ ஒன்பது நாள் சைவத் திருவிழா வரும். புக்கெட்டில் அது மிகப் பெரிது, மற்ற ஊர்களிலும் கடைகளில் மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தாக ‘ஜே’ தொங்கும். பார்க்க 17 என்ற எண்ணைப் போலவே இருக்கும். அந்த நாட்களில் போகிறவர்களுக்குச் சாப்பாட்டுக் கவலையே இல்லை.

பன்றி சாப்பிடாதவர்கள் ‘மை சாய் மூ’ என்று சொல்லலாம். ஹலால் வேண்டும் என்றால் அதை முன்பே கேட்டுவிடுங்கள், முஸ்லிம்கள் நிறைய வாழும் தெற்கில் கிடைப்பது எளிது. நிலக்கடலை, இறால் ஒவ்வாமை உள்ளவர்கள் பதிவின்போதே தெரிவித்தாக வேண்டும். இரண்டும் அந்தச் சமையலறைகளில் எங்கும் பரவிக் கிடப்பவை.

எதைத் தேர்ந்தெடுப்பது

பொதுவாக ஒரு சூப், ஒரு குழம்பு, ஒரு வறுவல், ஒரு சாலட் அல்லது இனிப்பு என்று வரிசைக்கு ஒன்றாகத் தேர்வு செய்யச் சொல்வார்கள். உணவகத்தில் பிடித்ததை இங்கே தேர்ந்தெடுப்பதை விட, ஊருக்கு வந்து மறுபடி சமைக்க முடிந்ததைத் தேர்ந்தெடுங்கள்.

குழம்பில் முதல் தடவைக்குப் பச்சைக் குழம்பு, அதாவது கிரீன் கறி. இடிக்கும் வேலை முழுவதும் அதில் கற்றுக்கொள்ளலாம். மஸ்ஸமன் குழம்பில் பட்டை, கிராம்பு, ஏலம், சீரகம், தனியா எல்லாம் சேர்வதால் அது நமக்கு வெகு சீக்கிரம் பிடித்துவிடும். பிடிபடும் என்பதாலேயே அதை விட்டுவிடலாம், புதிதாகத் தெரிந்துகொள்வது குறைவு. சியாங் மாயில் இருந்தால் காவ் சோய் செய்யலாமா என்று கேளுங்கள். தேங்காய்ப்பால் குழம்பில் முட்டை நூடுல்ஸ், மேலே பொரித்த நூடுல்ஸ், பக்கத்தில் கடுகுக் கீரை ஊறுகாயும் சின்ன வெங்காயமும். யுன்னானிலிருந்து வந்த முஸ்லிம் வணிகர்களோடு சேர்த்துப் பேசப்படும் வடக்கத்தி உணவு இது. தெற்கே நல்லதாகக் கிடைப்பது அரிது.

சூப்பில் புளிப்பும் காரமுமான தோம் யம்மோ, தேங்காய்ப்பால் விட்ட தோம் காவோ, எது வேண்டுமானாலும். வறுவலில் எல்லோரும் பட் தாய் மீதுதான் கை வைப்பார்கள். பிரதமர் பிபுன் சொங்க்ராம் ஆட்சிக்காலத்தில், இரண்டாம் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் அரசே ஊக்குவித்துப் பரவலாக்கிய உணவு அது. சுவையானதுதான், ஆனால் அரிசி நூடுல்ஸ், முள்ளங்கி ஊறுகாய், பூண்டுத் தழை என்று சாமான் பட்டியல் நீளம். பட் க்ரபாவ் எடுத்தால் ஐந்து நிமிட வேலை, சாமானும் குறைவு. அதில் போடும் இலை நம் துளசியேதான். பெருமாள் கோயிலில் கையில் வாங்கும் இலையைப் பூண்டோடும் கொத்துக்கறியோடும் வாணலியில் பார்க்க முதலில் சங்கடமாக இருக்கலாம். டோஃபுவிலும் செய்து தருவார்கள்.

இனிப்பில் மாம்பழமும் ஒட்டரிசியும் எல்லாப் பட்டியலிலும் இருக்கும். மார்ச் முதல் ஜூன் வரை மாம்பழப் பருவம், அப்போது மட்டும் எடுங்கள்.

அன்றைக்குக் காலையில்

காலை உணவை விட்டுவிடுங்கள். விடுதியில் இலவசமாகத் தருகிறார்களே என்று மூன்று இட்லி அளவுக்குக்கூடச் சாப்பிட வேண்டாம். பருத்தி உடை போடுங்கள். தாய்லாந்து வாணலிக்கு நெருப்பு பெரிது, பறக்கிற துப்பட்டாவும் செயற்கைத் துணியும் அதன் பக்கத்தில் ஆகாது. முடியைக் கட்டிக்கொள்ளுங்கள். சில பள்ளிகளில் போட்டோவுக்காக வாணலியில் தீயை எழுப்பிக் காட்டச் சொல்வார்கள். அதில் சமையல் ஒன்றும் இல்லை, வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

பேனாவும் சிறு நோட்டும் கையில் இருக்கட்டும். செய்முறைப் புத்தகம் தருவார்கள், அதில் அளவு இருக்கும். எப்போது நிறுத்துவது, எந்த நிறம் வந்ததும் அடுத்ததைச் சேர்ப்பது என்பதெல்லாம் ஆசிரியர் வாயில்தான் வரும்.

சந்தையில்

சியாங் மாயின் பழைய நகரப் பள்ளிகள் பல, வடகிழக்கு மூலையில் உள்ள சோம்பெட் சந்தைக்குக் கூட்டிப்போகும். பாங்காக்கில் அருகிலிருக்கும் சந்தை எதுவோ அது. அரை மணி நேரம்தான் இருக்கும், அதனால் போட்டோவைக் குறைத்து மூக்கை வேலை வாங்குங்கள். இலையைக் கசக்கிப் பார்க்கக் கேட்டால் தருவார்கள்.

நம்மவர்களுக்கு இந்தச் சந்தையில் தெரிந்த முகங்கள் நிறைய. பச்சைக் குழம்பில் கொத்தாகப் போடும் சின்னப் பச்சைக் காய், நம் சுண்டைக்காய். அங்கே வற்றல் போடாமல் பச்சையாகவே குழம்பில் விடுகிறார்கள். ஹோரபா என்கிற இலை, திருநீற்றுப் பச்சிலையின் சொந்தக்காரன். நீல நிறச் சோற்றுக்கும் சர்பத்துக்கும் சங்குப்பூ. கா என்கிற கிழங்கு, நாட்டு மருந்துக் கடையில் காய்ந்த வேராக விற்கும் பேரரத்தையின் பச்சை வடிவம். இஞ்சியைப் போலத் தெரிந்தாலும் வாசனை வேறு, ஒன்றுக்கு ஒன்று மாற்றாகாது. மக்ரூட் எனும் எலுமிச்சை வகையின் இலை மட்டும் நமக்குப் புதிது. ஒரே காம்பில் இரண்டு இலை முனையோடு முனை ஒட்டியது மாதிரி இருக்கும். நார்த்தை இலையில் வேப்பிலைக்கட்டி செய்தவர்களுக்கு அந்த வாசனையின் குடும்பம் புரிந்துவிடும். கொத்தமல்லியை வேரோடு விற்பதையும் பாருங்கள். நாம் வெட்டி எறியும் வேரைத்தான் அவர்கள் விழுதில் இடிக்கிறார்கள்.

தேங்காய் துருவிப் பிழியும் கடை இருந்தால் அங்கே நின்று முதல் பாலையும் இரண்டாம் பாலையும் தனித்தனியே பிடிப்பதைக் கவனியுங்கள். அடுத்து அதுதான் வேலைக்கு வரப்போகிறது.

உரல்

குழம்பு விழுதுக்குக் கருங்கல் உரல், பப்பாளிக்காய் சாலட்டுக்கு மண் உரலும் மர உலக்கையும். இரண்டும் வேறு வேலை. முதலாவதில் நசுக்கிக் கூழாக்க வேண்டும், இரண்டாவதில் காய் கசங்கினால் போதும்.

விழுது இடிப்பதில் வரிசைதான் வித்தை. தனியா, சீரகம், வெள்ளை மிளகை வறுத்து முதலில் தனியாகப் பொடித்து எடுத்துவிடுவார்கள். அப்புறம் மிளகாயும் உப்பும். உப்புக் கல் உராய்ந்து மிளகாயின் தோலை அரைக்கும். அடுத்து நார் உள்ளவை: எலுமிச்சைப் புல், பேரரத்தை, மக்ரூட் பழத்தின் தோல், கொத்தமல்லி வேர். கடைசியாக ஈரமானவை, பூண்டும் சின்ன வெங்காயமும். எல்லாவற்றுக்கும் பின்னால் கபி. ஈரமானதை முன்னாலேயே போட்டால் உலக்கை வழுக்கும், சாறு கண்ணில் தெறிக்கும், நார் நாராகவே கிடக்கும்.

எலுமிச்சைப் புல்லில் அடிப்பகுதி மட்டும்தான் விழுதுக்கு. குறுக்கே காகிதம் மாதிரி மெல்லிதாக நறுக்குங்கள். நீளமாக நறுக்கினால் எவ்வளவு இடித்தாலும் பல்லில் மாட்டும். பத்து நிமிடமாவது இடிக்க வேண்டியிருக்கும். கை வலிக்கும் நேரத்தில் ஆசிரியர் ‘போதும்’ என்பார். அவர் மரியாதைக்குச் சொல்கிறார், இன்னும் இரண்டு நிமிடம் இடியுங்கள். விழுதை விரலில் தொட்டால் தனித்தனித் துணுக்குகள் தட்டுப்படக் கூடாது.

அடுப்பில்

தமிழ்ச் சமையலறையில் பழகிய கை இங்கேதான் தடுமாறும். சொதியோ இடியாப்பத்துக்கான குழம்போ வைக்கும்போது இரண்டாம் பாலில் காயை வேகவைத்து, முதல் பாலைக் கடைசியில் ஊற்றி, கொதிக்கவிடாமல் இறக்குவோம். திரிந்துவிட்டால் போச்சு. தாய்லாந்துக் குழம்பில் வரிசை தலைகீழ். கெட்டியான முதல் பால்தான் முதலில் வாணலிக்குப் போகும். அது கொதித்து, கொதித்து, எண்ணெய் பிரிந்து மேலே மினுங்கும்வரை விடுவார்கள். அந்த எண்ணெயில்தான் விழுதை வதக்குவது. அப்புறம் இரண்டாம் பால், காய், கறி. பால் பிரிகிறதே என்று பதறி அடுப்பைக் குறைக்காதீர்கள். பிரியட்டும் என்று காத்திருப்பதுதான் அங்கே கற்றுக்கொள்ள வேண்டிய முதல் பாடம். டப்பா தேங்காய்ப்பாலில் சிலது எவ்வளவு கொதித்தாலும் பிரியாது. கெட்டியாக நிற்கச் சேர்க்கும் பொருள்தான் காரணம். வீட்டில் அப்படி ஆனால் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு விழுதை வதக்கிக்கொள்ளலாம்.

இன்னொன்று, நேரம். பச்சை வாசனை போகும்வரை சுருளச் சுருள வதக்கும் பழக்கத்தைக் கொஞ்சம் அடக்குங்கள். விழுது மணம் கிளம்பியதும் அடுத்த வேலை. காய் கடித்தால் நறுக்கென்று இருக்க வேண்டும். ஹோரபா, துளசி இரண்டும் அடுப்பை அணைக்கும்போது போட்டு ஒரு புரட்டு, அவ்வளவே. தாளிப்பு என்று எதுவும் கிடையாது. கையில் கடுகு தேடாதீர்கள்.

தோம் யம் வைக்கும்போது எலுமிச்சைச் சாற்றை அடுப்பை அணைத்த பிறகு விடுங்கள். கொதித்தால் கசக்கும், வாசனை போய்விடும். நம் ரசத்துக்கும் எலுமிச்சையைக் கடைசியில்தானே பிழிகிறோம், இது சுலபமாக வரும். சூப்பில் மிதக்கும் எலுமிச்சைப் புல், பேரரத்தைத் துண்டு, மக்ரூட் இலை மூன்றும் சாப்பிடுவதற்கில்லை. கறிவேப்பிலையை ஒதுக்குவதுபோல் தட்டோரம் தள்ளிவிடலாம்.

பட் தாய் எடுத்திருந்தால் நூடுல்ஸை வேகவைக்கக் கூடாது, சாதாரணத் தண்ணீரில் வளையும் பதம்வரை ஊறவைத்தால் போதும். மிச்ச வேக்காடு வாணலியில். ஒரு வாணலிக்கு ஒரு ஆள் அளவுதான் போட வேண்டும். இரண்டு ஆள் அளவு போட்டால் சூடு இறங்கி எல்லாம் ஒட்டிக் களியாகும்.

ஒட்டரிசியை நாலு மணி நேரமாவது ஊறவைத்து மூங்கில் கூடையில் ஆவியில் வைப்பார்கள். வகுப்பில் அது ஏற்கெனவே வெந்திருக்கும், நீங்கள் இனிப்புத் தேங்காய்ப்பாலைச் சூட்டோடு கலப்பீர்கள். ஊரில் இதைச் செய்ய ஆசைப்படுகிறவர்கள் செட்டிநாட்டுக் கவுனி அரிசியில் செய்து பாருங்கள். அதுவும் ஒட்டும் அரிசிதான், தாய்லாந்திலும் கறுப்பு ஒட்டரிசியில் தேங்காய்ப்பால் விட்டு இனிப்பு செய்கிறார்கள்.

ருசி பார்ப்பது

வகுப்பிலிருந்து கொண்டுவர வேண்டிய ஒரே திறமையைச் சொல் என்றால் இதைத்தான் சொல்வேன். ஆசிரியர் ஒரு கரண்டி எடுத்து உங்களை ருசி பார்க்கச் சொல்வார். உப்புக்கு மீன் சாறு, புளிப்புக்கு எலுமிச்சையோ புளியோ, இனிப்புக்குப் பனைவெல்லம், காரத்துக்கு மிளகாய். எது குறைகிறது என்று நீங்கள் சொல்ல வேண்டும். பலர் ‘நன்றாக இருக்கிறது’ என்று சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அப்படிச் செய்யாதீர்கள். ‘எனக்குப் புளிப்பு குறைவாகத் தெரிகிறது, சரியா?’ என்று கேளுங்கள். சேர்த்துவிட்டு மறுபடி ருசி பாருங்கள். கொஞ்சம் சர்க்கரை சேர்த்ததும் புளிப்பின் முனை மழுங்குவதும், இரண்டு சொட்டு மீன் சாற்றில் தேங்காய்ப்பாலின் திகட்டல் அடங்குவதும் நாக்கில் பட்டால்தான் விளங்கும். பக்கத்து அடுப்புக்காரர் தட்டிலிருந்தும் ஒரு கரண்டி கேட்டு வாங்குங்கள். ஒரே செய்முறை, வேறு கை, வேறு ருசி.

காரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எத்தனை மிளகாய் என்று உங்களையே கேட்பார்கள். ஆந்திரா மெஸ்ஸில் சாப்பிட்டவன், எனக்கென்ன என்று ஐந்தாறு சொல்லிவிடாதீர்கள். பிரிக் கீ நூ எனும் சின்ன மிளகாய், நம் வீட்டுப் பச்சை மிளகாயைவிடப் பொதுவாக அதிகமாகவே உறைக்கும். இரண்டில் தொடங்குங்கள். குறைத்துக் கேட்க ‘பெட் நித் நோய்’. வேண்டவே வேண்டாம் என்றால் ‘மை பெட்’.

வாங்கி வருவதும் வீட்டில் செய்வதும்

பச்சை இலை, கிழங்கு, விதை, செடி எதையும் பெட்டியில் போடாதீர்கள். இந்தியாவில் 2003-ம் ஆண்டுத் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி அவற்றுக்கு அனுமதி வேண்டும். இலங்கை, சிங்கப்பூர்க்காரர்களும் தங்கள் நாட்டு விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். அடைத்து விற்கும் குழம்பு விழுது, பனைவெல்லம், அரிசி நூடுல்ஸ், சாஸ் பாட்டில் ஆகியவை நல்ல தேர்வு. விழுதும் சாஸும் விமானத்தில் திரவக் கணக்கில் வரும், 100 மில்லிக்கு மேல் இருந்தால் கைப்பையில் விடமாட்டார்கள். இரண்டு பிளாஸ்டிக் பை சுற்றிப் பெரிய பெட்டியில் வையுங்கள்; மீன் சாறு துணியில் கொட்டினால் அந்தப் பெட்டி அப்புறம் வேறு எதற்கும் உதவாது. சைவர்கள் விழுது பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள், மே ப்ளாய் போன்ற பெயர்பெற்ற விழுதுகளிலும் இறால் உண்டு. கல் உரல் அழகாகத்தான் இருக்கும், கிலோக்கணக்கில் எடை. வீட்டில் அம்மி இருந்தால் அதிலேயே விழுது அருமையாக வரும்.

மிக்ஸியில் அரைக்கிறவர்கள் தண்ணீர் விடாமல் ஒரு கரண்டி எண்ணெயோ கெட்டித் தேங்காய்ப்பாலோ விட்டு அரையுங்கள். தண்ணீர் விட்ட விழுது வதங்காது, கொதிக்கும். எலுமிச்சைப் புல்லும் திருநீற்றுப் பச்சிலையும் தொட்டியிலேயே வளரும். மக்ரூட் இலையும் பச்சைப் பேரரத்தையும் பெரிய நகரங்களில் வெளிநாட்டுக் காய்கறி விற்கும் கடைகளிலும் இணையத்திலும் கிடைக்கும். கிடைக்கும்போது கூடுதலாக வாங்கி ஃப்ரீசரில் போடலாம், இரண்டும் தாங்கும். நாட்டு மருந்துக் கடைப் பேரரத்தையைப் போட்டுத் தோம் கா வைக்காதீர்கள், கஷாயம்தான் கிடைக்கும்.

ஊர் திரும்பிய ஒரு வாரத்துக்குள் ஏதாவது ஒன்றைச் செய்துவிடுங்கள், தள்ளிப்போட்டால் நோட்டில் எழுதியது புரியாது. பட் க்ரபாவில் தொடங்கலாம். வீட்டு அடுப்பின் தீ அவர்கள் தீயில் பாதிகூட இருக்காது. வாணலியைப் புகை வரும்வரை காயவிட்டு, ஒரு தடவைக்கு ஒரு தட்டு மட்டும் செய்யுங்கள், நாலு பேர் வீடு என்றால் நாலு தடவை. குழம்பு விழுதை ஒரு நேரத்துக்கு வேண்டியதைப்போல் மூன்று பங்கு அரைத்து, மீதியை ஐஸ் தட்டில் கட்டியாக்கிப் பையில் போட்டுத் தேதி எழுதி வையுங்கள். ஓரிரு மாதம் வரை ஃப்ரீசரில் வாசனை குறையாமல் இருக்கும்.